பை₁(1600) இருக்கிறதா, இல்லையா?

கொருக்குப்பேட்டையில் இருந்து ஒரு பி.எஸ்சி. மாணவர் கேட்டிருக்கிறார்: “பை₁(1600) என்ற எக்ஸாடிக் மெசானை 1998இல் கண்டுபிடித்ததாகப் படித்தேன். 2006இல், அதே சோதனையின் இன்னும் பெரிய தரவில் அது இல்லை என்கிறார்கள். 2010இல் வேறொரு சோதனை இருக்கிறது என்கிறது. துகள் என்றால் ஒன்று இருக்க வேண்டும், இல்லையென்றால் இல்லை. இதில் யாரை நம்புவது?” கடைசியில் ஒரு வரி: “வட சென்னையில் இருந்துகொண்டு இந்தத் துறைக்கு வர முடியுமா?”

முதல் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: எந்தக் கருவியிலும் தடம் பதிக்காத ஒன்றை ‘இருக்கிறது’ என்று சொல்ல என்ன ஆதாரம் வேண்டும், அந்த ஆதாரம் ஏன் இப்படி வருவதும் போவதுமாக இருக்கிறது? இதற்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும். பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவன் நான். முனைவர் பட்டத்துக்கும் அதற்குப் பிறகும் சேர்த்து ஒன்பது வருடம் பயான் (மெசான்களிலேயே லேசானது) கற்றைத் தரவைப் பிரித்துப் பார்ப்பதே வேலையாக இருந்தது. இப்போது பாடம் நடத்துகிறேன். கோட்பாட்டுக் கணக்குகளை நான் பயன்படுத்தியவனே தவிர, போட்டவன் இல்லை. அந்தப் பக்கம் நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸாடிக் என்றால் என்ன என்பதில் ஆரம்பிப்போம், ஏனென்றால் செய்தித்தாள்கள் இந்தச் சொல்லைக் கண்டபடி பயன்படுத்துகின்றன. 1964இல் கெல்-மான், ஸ்வைக் இருவரும் தனித்தனியாகக் கொண்டுவந்த குவார்க் மாதிரியில் மெசான் என்பது ஒரு குவார்க், ஓர் எதிர்க்குவார்க். புரோட்டான் போன்ற பேரியான் என்பது மூன்று குவார்க். குவார்க்குகளால் ஆன துகள்களுக்குப் பொதுப் பெயர் ஹாட்ரான்; இந்தக் கணக்குக்குள் அடங்காத ஹாட்ரான்தான் எக்ஸாடிக். அடங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது, பேப்பரும் பேனாவும் போதும். குவார்க்–எதிர்க்குவார்க் சோடியின் சுற்றுக் கோண உந்தத்தை எல் என்றும், இரண்டின் தற்சுழற்சிகளின் கூட்டை எஸ் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். எஸ் பூஜ்யம் அல்லது ஒன்று. பாரிட்டி (இடத்தைத் தலைகீழாகப் புரட்டினால் வரும் குறி), மைனஸ் ஒன்றின் (எல் + 1) அடுக்கு. மின்னூட்ட இணைமாற்றக் குறி (துகளையும் எதிர்த்துகளையும் மாற்றிப் போட்டால் வரும் குறி), மைனஸ் ஒன்றின் (எல் + எஸ்) அடுக்கு. இப்போது மொத்தக் கோண உந்தம் 1, பாரிட்டி மைனஸ், இணைமாற்றக் குறி பிளஸ் என்ற நிலையை, அதாவது 1⁻⁺ ஐ, உருவாக்கிப் பாருங்கள். பாரிட்டி மைனஸ் என்றால் எல் இரட்டைப்படை. இணைமாற்றம் பிளஸ் என்றால் எல் + எஸ் இரட்டைப்படை. ஆக எஸ் பூஜ்யம்தான். எஸ் பூஜ்யம் என்றால் மொத்தக் கோண உந்தம் எல்-க்குச் சமம், இரட்டைப்படை. ஒன்று வரவே வராது. 0⁻⁻, 0⁺⁻, 2⁺⁻ ஆகியவையும் இதேபோல் வராதவை. ஆகவே 1⁻⁺ உள்ள ஒரு மெசான் கிடைத்தால் அதனுள்ளே குவார்க் சோடியைத் தவிர வேறு ஏதோ பங்கெடுக்கிறது: கிளர்ந்த குளுவானோ (குவார்க்குகளை ஒட்டவைப்பது), இன்னொரு குவார்க் சோடியோ. பை₁(1600) மேல் இவ்வளவு சண்டை நடப்பது இதனால்தான். (மின்னூட்டம் உள்ள பை₁-க்குத் தனியாக இணைமாற்றக் குறி கிடையாது; அதன் மின்னூட்டமற்ற உடன்பிறப்பின் குறியைத்தான் அதற்கும் எழுதுகிறோம். தேர்வில் கேட்டால் உதவும்.)

கனமான குவார்க் உள்ளவற்றில் இவ்வளவு பாடு இல்லை. ஜப்பானில் பெல் சோதனை 2003இல் எக்ஸ்(3872) ஐக் கண்டது, ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் எல்எச்சிபி சோதனை 2015இல் சார்ம் குவார்க் உள்ள பென்டாகுவார்க்குகளை (நான்கு குவார்க், ஓர் எதிர்க்குவார்க்) அறிவித்தது. எக்ஸ்(3872) இன் சிகரம் ஒல்லியானது, வரைபடத்தில் ஊசி மாதிரி நிற்கும். அப், டவுன், ஸ்ட்ரேஞ்ச் குவார்க்குகள் மட்டும் உள்ள லேசான மெசான்கள் அப்படி இல்லை. 1,600 எம்இவி (துகள்களின் நிறையைச் சொல்லும் ஆற்றல் அலகு; ஆயிரம் எம்இவி ஒரு ஜிஇவி) நிறையில் 300 எம்இவி அகலம் என்பது அங்கே சாதாரணம். அகலம் 300 என்றால் ஆயுள் சுமார் 2×10⁻²⁴ நொடி. வேகமான கற்றையில் பிறந்தாலும் ஓர் அணுவின் விட்டத்தைத் தாண்டுவதற்குள் சிதைந்துவிடும். அதோடு, அதே நிறைப் பகுதியில் இன்னும் பல மெசான்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும்.

சோதனை எப்படி நடக்கிறது? செர்னில் காம்பஸ் சோதனையை எடுத்துக்கொள்வோம். 190 ஜிஇவி ஆற்றலுள்ள எதிர்மின் பயான் கற்றை திரவ ஹைட்ரஜன் இலக்குக்குள் போகிறது. கேரம் ஆடியவர்களுக்குச் சொல்வதென்றால், காயை உரசிக்கொண்டு போகும் ஸ்ட்ரைக்கர். இங்கே உடைவது ஸ்ட்ரைக்கர்தான். புரோட்டான் லேசாக நகர்ந்து நிற்க, பயான் கிளர்ந்து ஏதோ ஒரு நிலைக்குப் போய், உடனே மூன்று பயான்களாகச் சிதைகிறது. நமக்குக் கிடைப்பது அந்த மூன்று பயான்களின் உந்தங்கள் மட்டும். அவற்றைக் கூட்டினால் இடைநிலையின் நிறை வரும். காம்பஸ் இப்படிச் சேர்த்தது சுமார் 4.6 கோடி நிகழ்வுகள். அவற்றின் நிறையை வரைந்தால் ஏ₁(1260), ஏ₂(1320), பை₂(1670) என்று பழைய மெசான்கள்தான் தலைகாட்டும். 1⁻⁺ அலையின், அதாவது அந்தக் குறிகளோடு வரும் பகுதியின், பங்கு மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. அந்த வரைபடத்தை எவ்வளவு நேரம் வெறித்துப் பார்த்தாலும் பை₁ தெரியாது.

தெரிய வைப்பதற்குப் பெயர் பகுதி அலைப் பகுப்பாய்வு. ஆடி மாதம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டை மாடியில் நின்றால் நான்கு தெருவில் கூழ் ஊற்றும் அம்மன் கோயில்களின் ஒலிபெருக்கி எல்லாம் ஒரே நேரத்தில் காதில் விழும். மாரியம்மன் பாட்டு ஒரு பக்கம், கானா ஒரு பக்கம், நன்கொடையாளர் பெயர் வாசிப்பு ஒரு பக்கம். ஒரு ரெக்கார்டரில் பதிவு செய்துகொண்டு, எந்தத் தெருவில் என்ன பாட்டு, எவ்வளவு சத்தம் என்று பிரிக்கச் சொன்னால் எப்படிச் செய்வீர்கள்? முதலில் ஒரு பாட்டுப் பட்டியல் போடுவீர்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் வேண்டிய சத்தத்தில் கலந்து, பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பீர்கள். நாங்கள் செய்வதும் இதுவே. ஒவ்வோர் அலைக்கும் பயான்கள் பறக்கும் கோணங்களில் தனி அமைப்பு உண்டு. அதை வைத்துப் பிரிக்கிறோம். ஆபத்து எங்கே என்பதும் இதிலேயே தெரியும். ஒரு தெருவில் ஓடும் பாட்டு உங்கள் பட்டியலில் இல்லையென்றால், கணக்கு அதை விட்டுவிடாது. அதன் சத்தத்தை வேறு ஏதாவது பாட்டின் தலையில் கட்டிவிடும். பெரிய சத்தத்தில் கொஞ்சம் இடம் மாறினாலும், சின்னச் சத்தமுள்ள பாட்டுக்கு அது பெரிய வீக்கம். இதற்கு எங்கள் பேச்சில் கசிவு என்று பெயர்.

இப்போது உங்கள் 1998க்கும் 2006க்கும் வரலாம். அமெரிக்காவின் புரூக்ஹேவனில் இ852 சோதனை, 18 ஜிஇவி பயான் கற்றையோடு, சுமார் 2.5 லட்சம் நிகழ்வுகளை 21 அலைகள் கொண்ட பட்டியலால் பிரித்தது. 1⁻⁺ அலையில் 1,593 எம்இவி-யில் ஒரு சிகரம் வந்தது. அதை 1998இல் அறிவித்தார்கள். பிறகு அதே சோதனையின் பத்து மடங்கு பெரிய தரவை, அதே கூட்டணியில் இருந்த சிலர் 36 அலைகளை வைத்துப் பிரித்தார்கள். சிகரம் போய்விட்டது. பை₂(1670) இன் சில சிதைவு வழிகள் சின்னப் பட்டியலில் இல்லாததால் அதன் சத்தம் 1⁻⁺ இல் வந்து விழுந்திருக்கிறது என்று 2006இல் எழுதினார்கள். அந்த விமர்சனம் சரி. ஆனால் ‘ஆகவே துகளே இல்லை’ என்று அங்கிருந்து போக முடியாது. பலரும் அப்படித்தான் படித்தார்கள், நானும் கொஞ்ச காலம் அப்படி நம்பினேன்.

விடுபட்டது என்னவென்றால், புரோட்டானுக்குப் போகும் உந்த மாற்றம். பயான் புரோட்டானை லேசாக உரசினால் ஒரு கதை, கொஞ்சம் பலமாக இடித்தால் வேறு கதை. லேசாக உரசும்போது டெக் விளைவு என்ற ஒன்று ஆதிக்கம் செலுத்துகிறது: கற்றைப் பயான் ரோ மெசானாகவும் பயானாகவும் பிரிந்து, அந்தப் பயான் மட்டும் புரோட்டானில் பட்டுச் சிதறுகிறது. நடுவில் எந்தத் துகளும் உருவாவதில்லை, ஆனால் 1⁻⁺ அலையிலும் அகலமான ஒரு மேடு வந்துவிடுகிறது. 2006 பகுப்பாய்வு பார்த்தது பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான். காம்பஸ் 2010இல் ஈய இலக்குத் தரவில் 42 அலைகளோடு 1,660 எம்இவி-யில் சமிக்ஞையைக் கண்டது. அப்புறம் ஹைட்ரஜன் தரவை 88 அலைகளாகவும், உந்த மாற்றத்தை 11 துண்டுகளாகவும் பிரித்தார்கள். உந்த மாற்றம் குறைவான துண்டுகளில் வெறும் மேடு. அதிகமான துண்டுகளில் மேடு வடிந்து 1,600 பக்கத்தில் சிகரம் தெளிவாக எழுகிறது. பழைய பட்டியல்களைத் தங்கள் தரவில் ஓட்டிப் பார்த்து, 21 அலை வைத்தால் 1998இன் சிகரம் வருகிறது, 36 வைத்தால் 2006இன் வெறுமை வருகிறது என்றும் காட்டினார்கள். 2022இல் வெளியான அந்தக் கட்டுரைதான் உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில். முதலில் பார்த்த சிகரத்தில் கணிசமான பங்கு போலி. துகள் நிஜம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பது எனக்கு இன்றைக்கும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இந்தக் கசிவை நானே ஒருமுறை உருவாக்கியிருக்கிறேன். முனைவர் பட்டத்தின் மூன்றாம் வருடம், கணக்கு வேகமாக ஓடட்டும் என்று ‘சின்ன’ அலைகள் எட்டைத் தூக்கிவிட்டேன். மறுநாள் காலை ஓர் அருமையான சிகரம். வீட்டுக்கு போன் போட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். என் வழிகாட்டி படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றே: “தூக்கினதைத் திருப்பிப் போட்டியா?” போட்டேன். போனது. அம்மாவிடம் என்ன சொல்வது என்றுதான் அன்றைக்கு முழுக்க யோசனை.

சரி, சிகரத்தை நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? கட்டத்தை, அதாவது அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை. ஊஞ்சலைத் தள்ளிப் பாருங்கள். அதன் இயல்பான வேகத்தைவிட மெதுவாகத் தள்ளினால் உங்கள் கையோடு சேர்ந்து ஆடும். வேகமாகத் தள்ளினால் எதிராக ஆடும். ஒத்ததிர்வைக் கடக்கும்போது சேர்ந்து ஆடுவதில் இருந்து எதிராக ஆடுவதற்கு, 180 பாகை, மாறும். உண்மையான ஒத்ததிர்வு நிலையும் அப்படியே. நன்கு தெரிந்த இன்னொரு அலையைக் கடிகாரமாக வைத்துக்கொண்டு, 1⁻⁺ அலையின் கட்டம் 1,600ஐக் கடக்கும்போது நகர்கிறதா என்று பார்க்கிறோம். கசிவு சிகரத்தைத் தரலாம், ஆனால் தனக்கென்று ஒரு கட்ட நகர்வைப் பொதுவாகத் தராது. கசிந்த அலையின் கட்டத்தோடு ஒட்டிக்கொண்டே போகும். இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2015இல் காம்பஸ் ஏ₁(1420) என்று ஒன்றை அறிவித்தது. சிகரமும் இருந்தது, கட்டமும் நகர்ந்தது. பிறகு, ஏ₁(1260) சிதைந்து வந்த துகள்கள் தங்களுக்குள் மோதிக்கொள்வதால் உண்டாகும் முக்கோண விளைவே அதை விளக்கப் போதும், புதுத் துகள் தேவையில்லை என்று காட்டினார்கள்.

பை₁ விஷயத்தில் நிலைமை கெட்டிப்பட்டதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. முன்பு ஈட்டா–பயான் சிதைவில் 1,400 பக்கம் ஒன்று, ஈட்டா பிரைம்–பயான் சிதைவில் 1,600 பக்கம் ஒன்று என்று இரண்டு பை₁ சொல்லிக்கொண்டிருந்தோம். கோட்பாட்டுக்கு அது பெரிய தலைவலி, ஏனென்றால் இவ்வளவு நெருக்கமாக இரண்டு வர வழியில்லை. 2019இல் ஜேபாக் என்ற கோட்பாட்டுக் குழு காம்பஸின் இரண்டு தரவையும் சேர்த்து, நிகழ்தகவு எங்கும் தொலையாமல் பார்த்துக்கொள்ளும் வீச்சுக் கணக்கால் பொருத்தியது. ஒரே ஒரு நிலை போதுமானதாக இருந்தது, நிறை சுமார் 1,564 எம்இவி, அகலம் ஏறக்குறைய 490. பெயரில் 1600 இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இவ்வளவு அகலமான ஒன்றுக்கு நிறை என்பதே கொஞ்சம் தளர்வான சொல்.

ஆக, 1⁻⁺ குறியோடு லேசான மெசான் நிலை ஒன்று இருக்கிறது என்பதை நான் உறுதி என்றே சொல்வேன். அதனுள்ளே என்ன இருக்கிறது என்பது உறுதி இல்லை. குளுவான் கிளர்ந்த கலப்பு மெசான் என்பது பலருடைய சாய்வு, என்னுடையதும்தான். ஆனால் நான்கு குவார்க் சேர்ந்தாலும் 1⁻⁺ வரும். சோதனை குறிகளைச் சொல்லும், உள்ளடக்கத்தை நேராகச் சொல்லாது. லாட்டிஸ் கணக்குகள் (வெளியையும் காலத்தையும் சின்னச் சின்னப் புள்ளிகளாக்கிக் கணினியில் போடுபவை) கலப்பு மெசானுக்குச் சாதகமாகப் பேசுகின்றன. 2021இல் வந்த ஒரு கணக்கு, அது பெரும்பாலும் பி₁ மெசானும் பயானுமாகச் சிதைய வேண்டும் என்றது. அந்தக் கணக்கில் குவார்க்குகள் நிஜத்தைவிடக் கனமாக வைக்கப்பட்டிருந்தன, பிறகுதான் நிஜ நிறைக்கு நீட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பி₁ ஒமேகாவும் பயானுமாகி, ஒமேகா மூன்று பயானாகும். கடைசியில் கையில் ஐந்து பயான்கள், அவற்றில் மின்னூட்டமற்றதை அது சிதைந்து தரும் ஃபோட்டான்களாகத்தான் பிடிக்க வேண்டும். நாம் இத்தனை வருடம் சுலபமான வழிகளிலேயே தேடிக்கொண்டிருந்தோம் என்று அர்த்தம்.

பெய்ஜிங்கில் பெஸ்-3 சோதனை 2022இல் சுமார் 1,000 கோடி ஜே/சை (சார்ம் குவார்க் உள்ள ஒரு மெசான்) சிதைவுகளில் இருந்து ஈட்டா₁(1855) என்ற இன்னொரு 1⁻⁺ நிலையை அறிவித்தது. புள்ளியியல் உறுதி 19 சிக்மாவுக்கு மேல். இந்த எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். பாட்டுப் பட்டியல் சரி என்று வைத்துக்கொண்டால் சத்தம் தற்செயல் இல்லை என்பதுதான் சிக்மா. பட்டியலே தப்பு என்றால் அது எதுவும் சொல்லாது. எனக்கு அது நம்பத் தகுந்ததாகப் படுகிறது, ஆனால் வேறொரு சோதனையோ, வேறொரு சிதைவு வழியோ உறுதிசெய்யும் வரை பை₁-க்குச் சமமாக வைக்க மாட்டேன். அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் குளூஎக்ஸ் சோதனை பயானுக்குப் பதில் ஃபோட்டான் கற்றையைப் பயன்படுத்துகிறது. மெல்லிய வைரத் தகட்டில் எலெக்ட்ரான்களைச் செலுத்தி, ஒன்பது ஜிஇவி அளவில் முனைவாக்கம் பெற்ற ஃபோட்டான்களை எடுக்கிறார்கள். பை₁-ஐப் பொறுத்தவரை இதுவரை அவர்கள் தந்திருப்பது ‘இதற்கு மேல் இருக்க முடியாது’ என்ற உச்சவரம்பு. அது ‘இல்லை’ என்ற பதில் ஆகாது.

‘அப்படியானால் எல்லாமே பட்டியல் விளையாட்டுதானா’ என்று உங்களுக்குத் தோன்றலாம். இல்லை. 2003இல் ஜப்பானின் லெப்ஸ் சோதனை தீட்டா-பிளஸ் என்ற லேசான பென்டாகுவார்க்கை 1,540 எம்இவி-யில் கண்டதாகச் சொன்னது, சுமார் 19 நிகழ்வுகளை வைத்து. அடுத்தடுத்துப் பத்துச் சோதனைகள் போல ‘நாங்களும் பார்த்தோம்’ என்றன. ஆமாம் சொன்னவர்களில் ஒன்றான ஜெஃபர்சன் ஆய்வகத்தின் கிளாஸ் குழுவே பல மடங்கு தரவோடு திரும்பப் பார்த்தபோது எதுவும் இல்லை. தரவு கூடக் கூட அது கரைந்தது. பை₁ நேர்மாறு: தரவு கூடக் கூட அதன் மேல் இருந்த சந்தேகங்களுக்கு ஒவ்வொன்றாகக் காரணம் கிடைத்தது.

வட சென்னையில் இருந்து வர முடியுமா என்ற இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாக: முடியும், 21ஜி பஸ் மாதிரி நேர் வழி இல்லை, இரண்டு மூன்று இடத்தில் மாற வேண்டும். எம்.எஸ்சி. அவசியம். ஐஐடி மெட்ராஸ் பெல்-2, பெஸ்-3 கூட்டணிகளில் இருக்கிறது. தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் கோட்பாட்டுப் பக்கம். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம், இன்று ராத்திரியே ஒரு வேலை செய்யலாம். பைத்தானில் 1 முதல் 2.2 ஜிஇவி வரை நிறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1.6இன் வர்க்கத்தில் இருந்து ஒவ்வொரு நிறையின் வர்க்கத்தையும் கழித்து, 1.6×0.3 ஆல் வகுங்கள். வந்த எண்ணில் இருந்து கற்பனை எண் ஐ-யைக் கழித்துத் தலைகீழாக்கினால் அதுதான் பிரைட்–விக்னர் வீச்சு. அதன் அளவின் வர்க்கத்தை வரையுங்கள், அழகான சிகரம் வரும். இப்போது பின்னணியாக மாறாத ஓர் எண்ணைக் கூட்டுங்கள். முதலில் 0.5: சிகரம் இடது பக்கம் நகரும். மைனஸ் 0.5: வலது பக்கம் நகரும். கடைசியாக மைனஸ் 0.5 ஐ. வரைபடம் முழுக்கத் தட்டையான ஒரு கோடு வரும். பிழை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அதே வீச்சின் கட்டத்தை அதன் கீழே வரைந்து, இரண்டு படத்தையும் இங்கே போடுங்கள், மேற்கொண்டு பேசலாம்.